படைச் செலவுக்கு யார் கணக்குக் கேட்பது?



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ அந்த ஆசிரியர், அரசியலமைப்புச் சட்டத்தை வரி வரியாக நடத்தியவர் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆகவே நானும் ஒரு சட்டப் பிரிவிலிருந்தே தொடங்குகிறேன். நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசு எடுப்பதென்றாலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி தரவேண்டும் என்கிறது பிரிவு 114. அதற்கு முந்தைய பிரிவான 113 மக்களவைக்கு மூன்று உரிமைகளைத் தருகிறது. அரசு கேட்கும் மானியத்தைக் கொடுக்கலாம், மறுக்கலாம், குறைத்துக் கொடுக்கலாம். இராணுவச் செலவுக்கு இதிலிருந்து விலக்கு எதுவும் இல்லை. பனிமலையில் காவல் நிற்கும் சிப்பாயின் காலணிக்கும் போர் விமானத்துக்கும் ஒரே சட்டம்தான்.

தொகையும் சிறியதன்று. 2025-26 நிதியாண்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். சம்பளம், ஓய்வூதியம், அன்றாடப் பராமரிப்பு எல்லாம் போக, படைகளின் மூலதனச் செலவுக்கு, அதாவது பெரும்பாலும் தளவாடம் வாங்குவதற்கு, 1.80 லட்சம் கோடி. இவ்வளவு பணத்தை எதற்கு, ஏன், எப்போது செலவு செய்கிறீர்கள் என்று கேட்கும் இடம் நமக்கு ஒன்றுதான் இருக்கிறது. அந்த இடம் தன் வேலையை எப்படிச் செய்கிறது என்பதே இன்றைய பேச்சு.

2018 மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 13. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கைகளை மக்களவையில் வைத்தது. குழுவின் தலைவர் பி.சி. கந்தூரி. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல், உத்தராகண்டின் முன்னாள் முதல்வர், ஆளும் பாரதிய ஜனதாவின் மூத்த உறுப்பினர். அந்தக் குழுவின் முன் தரைப்படையின் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் வந்து சாட்சியம் அளித்திருந்தார். அவர் சொன்னது அறிக்கையில் அப்படியே பதிவாகியிருக்கிறது. படையிடம் இருக்கும் கருவிகளில் 68 விழுக்காடு பழையவை. தற்காலத்தவை 24 விழுக்காடு. அதிநவீனம் என்று சொல்லத்தக்கவை 8 விழுக்காடு. ஒரு நல்ல படையில் இவை மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று என்ற அளவில் இருக்கவேண்டும். நவீனமயத்துக்கு அந்த ஆண்டு கிடைத்தது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே கையெழுத்தாகி நடந்துகொண்டிருக்கும் 125 திட்டங்களுக்குத் தவணை கட்டவே 29,033 கோடி வேண்டும். புதிதாக ஒரு துப்பாக்கி வாங்குவது இருக்கட்டும், வாங்கிய பொருளுக்கே பணம் போதாது என்று, சீருடையில் இருந்த ஓர் அதிகாரி, நாடாளுமன்றத்தின் குழுவிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

மார்ச் 14. மக்களவையில் அமளி. பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி, ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து, நம்முடைய காவிரி மேலாண்மை வாரியம் என்று ஆளுக்கொரு பதாகையுடன் உறுப்பினர்கள் அவையின் நடுவில் நின்றார்கள். அந்தக் கோரிக்கைகள் நியாயமானவை, குறிப்பாகக் காவிரி. ஆனால் அந்தக் கூச்சலுக்கிடையே, மத்திய அரசின் அத்தனை அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் விவாதம் இல்லாமல் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. நாடாளுமன்ற வழக்கில் இதற்குக் கில்லட்டின் என்று பெயர். நிதி மசோதாவும் சேர்த்து ஏறத்தாழ அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஓய்வூதியம் நீங்கலாக 2.95 லட்சம் கோடி ரூபாய்ப் பாதுகாப்புச் செலவும் அதற்குள் அடக்கம்.

முந்தைய நாள் வந்த அறிக்கையை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. துணைத் தளபதி சொன்ன 8 விழுக்காடு என்ற எண் அவையில் ஒலிக்கவில்லை. செய்தித்தாள்களில் வந்தது, தொலைக்காட்சியில் ஓடியது. பணத்தை அனுமதிக்கும் அதிகாரம் பெற்ற ஒரே அவையில் மட்டும் அது பேசப்படவில்லை.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதுகாப்பு விவகாரத்தில் நாடாளுமன்றம் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டால், எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: அது இரகசியம், எதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. தகவல் வந்து சேர்ந்துவிடுகிறது. நிலைக்குழு கொண்டுவருகிறது, தணிக்கைத் துறை கொண்டுவருகிறது, சில சமயம் படையே கொண்டுவருகிறது. வந்து சேர்ந்த தகவலை வைத்து அவை தன் வேலையைச் செய்வதில்லை. முறைகேட்டின் வாடை வந்தால் மட்டும் கூடுகிறது, அமளி செய்கிறது, கலைகிறது. படைக்கு என்ன தேவை, அது ஏன் பத்தாண்டு தாமதமாகிறது என்ற சலிப்பூட்டும் கேள்வியை யாரும் விடாமல் கேட்பதில்லை. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கான சான்றுகள்.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1948-இல் காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தபோது படைக்கு ஜீப் தேவைப்பட்டது. இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறையைத் தாண்டி, பழுதுபார்த்த ஜீப்புகளுக்கு ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தம் 2000 வண்டிகளுக்கு. வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓடும் நிலையில் இல்லை. நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு இதைக் குடைந்து எடுத்தது. அரசு பதிலளித்தது, குழு மீண்டும் கேட்டது, இழுபறி ஆண்டுக்கணக்கில் போயிற்று. 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், அரசைப் பொறுத்தவரை இந்த விஷயம் முடிந்துவிட்டது, எதிர்க்கட்சிக்குத் திருப்தி இல்லையென்றால் இதைத் தேர்தல் பிரச்சினையாக்கிக்கொள்ளலாம் என்ற பொருளில் அறிவித்துவிட்டார். சில மாதங்களில் மேனன் மத்திய அமைச்சர் ஆனார், பின்னர் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். அவர் சொந்தமாகப் பணம் எடுத்தார் என்று யாரும் நிறுவியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு வழக்கம் அங்கே வேர்விட்டது. குழு கேட்கலாம், அரசு முடிவுகட்டிவிட்டால் கேள்வி செத்துவிடும். அவசரம் என்ற பெயரில் போட்ட ஒப்பந்தத்தின் பொருள் ஏன் களத்துக்கு வரவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து செத்தது.

ஆனால் அதே காலத்தில் இந்த அவைக்கு இன்னொரு முகமும் இருந்தது.

1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீனப்படை எல்லை தாண்டியது. வாஜ்பாயும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டபடி, குளிர்காலக் கூட்டத்தொடர் முன்கூட்டியே நவம்பர் 8-ஆம் தேதி கூட்டப்பட்டது. அதற்கு முந்தைய நாள் கிருஷ்ண மேனன் அமைச்சரவையிலிருந்தே வெளியேறியிருந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர்களே அவரைப் போகச் சொல்லி நெருக்கியிருந்தார்கள். அவையை மூடிய கதவுக்குள் நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. நேரு மறுத்துவிட்டார். மக்களிடம் மறைக்கவேண்டியது எதுவும் இல்லை என்பது அவர் நிலை. களத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேசினார்கள். பனியில் பருத்திச் சட்டையோடு நிற்கும் வீரர்கள், பழைய துப்பாக்கிகள், சாலை இல்லாத எல்லைகள் எல்லாம் பேச்சுக்கு வந்தன. பிரதமர் உட்கார்ந்து கேட்டார். நாட்டின் இரகசியம் ஒன்றும் பறிபோய்விடவில்லை. தோல்விக்கு வேறு காரணங்கள் இருந்தன, அவை அவையில் பேசியதால் வந்தவை அல்ல.

அறுபதாண்டு கழித்து நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 வீரர்கள் இறந்தார்கள். செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் மக்களவையில் அறிக்கை வாசித்தார், விவாதம் இல்லை. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நிறுத்தப்பட்டிருந்தது. 2022 டிசம்பரில் தவாங் பகுதியில் மோதல் நடந்தபோதும் அறிக்கை மட்டும் வந்தது. விவாதம் கேட்ட எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. மக்களவை விதிகளில் 248-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. அவை முன்னவர் கேட்டுக்கொண்டால் அவையை இரகசியமாகக் கூட்டலாம், வெளியாட்கள் யாரும் இருக்கக்கூடாது, நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று எல்லா ஏற்பாடும் அதிலும் அடுத்த விதிகளிலும் எழுதியிருக்கிறது. இரகசியம்தான் உண்மையான தடை என்றால் இந்த வாசலைத் திறந்திருப்பார்கள்.

1962 பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். தோல்வி எப்படி நேர்ந்தது என்று ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் நியமிக்கப்பட்டார்கள். அறிக்கை வந்தது. 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவான் அதைப் பற்றி அவையில் ஒரு சுருக்கமான அறிக்கை படித்தார். மூல அறிக்கை இன்றுவரை நாடாளுமன்றத்தில் வைக்கப்படவில்லை. 2010-இல்கூட, அதில் உள்ளவை இன்னும் படை நடவடிக்கைக்கு முக்கியமானவை என்று சொல்லி அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மறுத்தார். 2014-இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். உலகமே படித்துவிட்டது, நம் நாடாளுமன்றத்துக்கு மட்டும் அது அதிகாரபூர்வமாகத் தெரியாது.

இதற்கு நேர்மாறான முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. கார்கில் போர் முடிந்ததும் நடந்ததை ஆராயத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை, பாதுகாப்புக் காரணத்துக்காகச் சில பகுதிகளை நீக்கிவிட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நூலாகவும் வந்தது. உளவுத் தோல்வி, கண்காணிப்புக் குறை, நிர்வாகச் சீர்கேடு எல்லாம் அதில் இருந்தன. அடுத்து வந்த சீர்திருத்தங்களில் பாதுகாப்புக் கொள்முதல் மன்றமும் ஒன்று. இன்றைக்கு எந்தப் பெரிய தளவாடமும் அந்த மன்றத்தின் படியேறாமல் வாங்கப்படுவதில்லை. வெளியே வைத்த ஒரே அறிக்கையால் வந்த பலன் இது.

இனி போஃபர்ஸ். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. ஆனால் வழக்கமாகச் சொல்லும் விதத்தில் சொல்லப்போவதில்லை.

1986 மார்ச் 24-இல் போஃபர்ஸ் நிறுவனத்துடன் 410 பீரங்கிகளுக்கு 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 155 மில்லிமீட்டர் வகை. 1987 ஏப்ரல் 16-இல் ஸ்வீடன் வானொலி, இதில் லஞ்சம் கைமாறியது என்று செய்தி வெளியிட்டது. ஆகஸ்டில் சங்கரானந்த் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. பெரும்பாலான எதிர்க்கட்சிகள் அதைப் புறக்கணித்தன. குழு 50 முறை கூடியது. போஃபர்ஸ் நிறுவனம் 319 மில்லியன் ஸ்வீடன் குரோனரை மூன்று நிறுவனங்களுக்குக் கொடுத்தது உண்மை என்று கண்டது. ஆனால் அது பழைய ஏற்பாடுகளை முடித்துக்கொள்ளக் கொடுத்த பணம், இடைத்தரகுக் கமிஷன் அன்று என்ற நிறுவனத்தின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, 1988 ஏப்ரலில் அறிக்கை தந்தது.

அந்தக் குழுவில் ஒரே ஒருவர் மறுத்து எழுதினார். அ.தி.மு.க. உறுப்பினர் ஆலடி அருணா. அவருடைய கட்சி காங்கிரசின் தோழமைக் கட்சி. எதிர்க்கட்சியினர் வெளியே நின்றுவிட்ட அறையில், கூட்டணித் தரப்பிலிருந்து வந்த ஒருவர், ஆவணங்களைப் படித்துவிட்டு, இந்த முடிவு சான்றுகளோடு ஒத்துப்போகவில்லை என்று எழுத்தில் பதிந்தார். சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழில் சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது அதே ஆண்டில்தான். கூட்டுக்குழுவின் அறிக்கையை இன்று யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆலடி அருணாவின் மாறுபட்ட குறிப்பு மட்டும் வரலாற்றில் நின்றுவிட்டது. வெளியே போகாமல் உள்ளே உட்கார்ந்து, படித்து, எழுதிவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்க்காரர் என்பதால் சொல்லவில்லை. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இதைச் சொல்லியிருப்பேன்.

1989 ஜூலையில் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. பீரங்கியைத் தேர்ந்தெடுத்த விதம், விலையை ஒப்பிட்ட விதம், பேச்சுவார்த்தை நடந்த விதம் எல்லாவற்றையும் அது கேள்வி கேட்டது. அதை அவையில் எடுத்து வரிவரியாக விவாதித்திருக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் மக்களவையிலிருந்தே விலகிவிட்டார்கள். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. வழக்கு நீதிமன்றங்களில் இழுத்துக்கொண்டே போனது. 2004-இல் டெல்லி உயர்நீதிமன்றம் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. 2011-இல் வருமான வரித் தீர்ப்பாயம், இடைத்தரகர்களாகச் சொல்லப்பட்ட குவத்ரோக்கிக்கும் வின் சத்தாவுக்கும் கமிஷன் போனது என்று கண்டது. அதே ஆண்டில் குவத்ரோக்கி மீதான வழக்கும் மூடப்பட்டது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத பகுதி இது: அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் இந்தியப் படை ஒரு புதிய பெரிய பீரங்கிகூட வாங்கவில்லை. 1999-இல் கார்கில் மலைகளில் எதிரியின் பதுங்குகுழிகளை நொறுக்கியது அதே போஃபர்ஸ் பீரங்கிகள்தான். அவற்றின் தொழில்நுட்ப ஆவணங்கள் ஒப்பந்தப்படி நமக்கு வந்து சேர்ந்திருந்தன, கிடப்பில் கிடந்தன. அவற்றை எடுத்து ஜபல்பூர் தொழிற்சாலை செய்த ‘தனுஷ்’ பீரங்கி படையின் கைக்குப் போனது 2019-இல். அமெரிக்காவின் எம்777 வந்தது 2017-இல். இடையில் ஒவ்வொரு டெண்டரும் ஏதோ ஒரு புகாரில் சிக்கி ரத்தாயிற்று. நிறுவனங்கள் கருப்புப் பட்டியலுக்குப் போயின. கோப்பில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு விசாரணை வரும் என்ற அச்சம் அமைச்சரிலிருந்து பிரிவு அலுவலர்வரை பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் போடாதவரை யாரும் கேள்வி கேட்பதில்லையே! அந்த முப்பது ஆண்டும் நாடாளுமன்றம் யார் பணம் வாங்கினார் என்று கேட்டது. கேட்டது சரி. பீரங்கி எங்கே என்று கேட்கவில்லை. வாங்காமல் இருப்பதற்கும் ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்ற எண்ணம் நம் அவைக்கு இன்னும் வரவில்லை.

தணிக்கை அறிக்கைகளுக்கு வருகிறேன். இவை படிக்க வறண்டவை என்று பெயர். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஒரு முழுப்போரை 40 நாள் நடத்தத் தேவையான வெடிபொருள் கையிருப்பில் இருக்கவேண்டும் என்பது தரைப்படையின் விதி. அது முடியாவிட்டால் குறைந்தபட்சம் 20 நாளுக்காவது இருக்கவேண்டும், அதற்குக் கீழே போவது ஆபத்து. 2017-இல் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை, 2016 செப்டம்பர் நிலவரத்தைச் சொல்கிறது. ஆய்வு செய்த 152 வகை வெடிபொருட்களில் 40 நாள் இருப்பு இருந்தவை 31. பத்து நாளுக்கும் குறைவாக இருந்தவை 61. இது திடீரென்று வந்த நிலைமையும் இல்லை. 2015-இல் வைத்த அறிக்கை இதையே சொல்லியிருந்தது. அதற்கும் முன்னால் 2012-இல் தரைப்படைத் தளபதி வி.கே. சிங் பிரதமருக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தபோது, பற்றாக்குறையைவிடக் கடிதம் எப்படிக் கசிந்தது என்பதைத்தான் அவை பெரிதாகப் பேசியது. 2015 அறிக்கைக்குப் பிறகு, 2017-இல், அவசர வெடிபொருள் வாங்கும் அதிகாரம் துணைத் தளபதிக்கு நேரடியாகத் தரப்பட்டது. ஆக, வெளியே சொன்னதால் எதிரிக்கு லாபம் என்பார்களே, நமக்கே லாபம் வந்தது.

இன்னொரு அறிக்கை 2020 பிப்ரவரியில் வந்தது. சியாச்சின், லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளில் நிற்கும் வீரர்களுக்கான உடை, உணவு, குடியிருப்பு பற்றியது. பனியில் வெயில் பட்டால் அந்த ஒளி கண்ணைக் குருடாக்கிவிடும். அதைத் தடுக்க ஒரு கண்ணாடி வேண்டும். அந்தப் பனிக்கண்ணாடியில் பற்றாக்குறை 62 முதல் 98 விழுக்காடு வரை. 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர்வரை மலைக்காலணி கொடுக்கப்படவில்லை. ஒருவர் போட்டுக் கழற்றியதைச் செப்பனிட்டு இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். கண்ணாடி ஒன்றும் அணு ஆயுதம் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தம், இடைத்தரகர், கமிஷன் எதுவும் இதில் இல்லை. அதனாலேயே எவர் கவனத்துக்கும் வரவில்லை.

2016 பிப்ரவரி 3-இல், சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாம் பனிச்சரிவில் புதைந்தது. மாண்ட பத்துப் பேரில் பெரும்பாலோர் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தச் சாவுகளுக்கும் கண்ணாடிப் பற்றாக்குறைக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. பனிச்சரிவைக் கண்ணாடி தடுக்காது. ஆனால் மலைக்காலணி கொடுக்கப்படாமல் இருந்ததாகத் தணிக்கையாளர் எழுதிய அந்த மாதங்களில் அங்கே நின்றவர்கள் யார் என்பது நமக்குத் தெரியவேண்டும். நம் உடன்பிறப்புகள்தான். அந்தப் பத்துப் பெயர்களுக்கு அவையில் அஞ்சலி செலுத்தினோம். நான்காண்டு கழித்து வந்த அறிக்கைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை.

இதோடு ஒரு வருத்தமான செய்தியைச் சேர்க்கிறேன். பாதுகாப்பு பற்றிய தணிக்கை அறிக்கைகள் முன்பெல்லாம் இணையதளத்தில் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் அவற்றை நாடாளுமன்றத்தில் வைப்பதோடு நிறுத்திவிட்டு, இணையத்தில் ஏற்றாமல் விட்டார்கள். இது தெரிந்தே எடுத்த முடிவு என்று அப்போதைய தலைமைத் தணிக்கையாளரே சொன்னார். நாடாளுமன்ற உறுப்பினர் மேசைக்கு வரும் ஆவணத்தை எதிரி நாடு படிக்க வழியில்லை என்று நினைப்பது சரியாகப்படவில்லை. படிக்க வழியில்லாமல் போனது பத்திரிகையாளருக்கும், ஆராய்ச்சி மாணவருக்கும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தொழிலாளிக்கும்தான்.

ரஃபேல் போர் விமான விவகாரத்தில் எல்லாரும் விலையைப் பற்றிப் பேசினார்கள். நான் வேறொன்றைச் சுட்டுகிறேன். 36 விமானங்களுக்கு 2016 செப்டம்பர் 23-இல் ஒப்பந்தம் ஆயிற்று, 7.87 பில்லியன் யூரோ என்பது பரவலாக வெளிவந்த தொகை. விலை விவரத்தை நாடாளுமன்றத்தில் சொல்ல அரசு மறுத்தது. 2018 டிசம்பர் 14-இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில், விலை விவரம் தணிக்கையாளரிடம் தரப்பட்டுள்ளது, அவருடைய அறிக்கையைப் பொதுக்கணக்குக் குழு ஆராய்ந்துள்ளது என்று ஒரு வாக்கியம் இருந்தது. அன்றைக்கு அப்படி ஓர் அறிக்கையே நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கவில்லை. பொதுக்கணக்குக் குழுவின் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே, எனக்கு அப்படி எதுவும் வரவில்லை என்றார். தாங்கள் வழக்கமான நடைமுறையைத்தான் விவரித்தோம், நீதிமன்றம் அதை நடந்து முடிந்ததாக எடுத்துக்கொண்டது என்று சொல்லி அரசு திருத்தம் கேட்டு மனுப்போட்டது. தணிக்கை அறிக்கை வந்தது 2019 பிப்ரவரி 13-இல், அந்த மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், விலைகள் மறைக்கப்பட்ட நிலையில். விலை கூடுதலா குறைவா என்ற வாதத்தை விடுங்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம், இதை நாடாளுமன்றக் குழு பார்த்துவிட்டது என்ற நம்பிக்கையைத் தன் தீர்ப்பில் எழுதியது. குழு பார்த்திருக்கவில்லை. பார்க்கவேண்டியவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொரு நிறுவனமும் மற்றதை நம்பியிருந்தால் கடைசியில் யாருமே பார்த்திருக்கமாட்டார்கள்.

வேறு நாடுகளில் எப்படி என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் 25 மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட எந்த இராணுவக் கொள்முதலும் கையெழுத்தாகுமுன் நாடாளுமன்றத்தின் வரவுசெலவுக் குழுவுக்கு வந்தாகவேண்டும். அங்கே படையை வெளிநாட்டுக்கு அனுப்பவும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை. நாம் 1987-இல் இலங்கைக்கு அமைதிப்படை அனுப்பியபோது அப்படியொரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே மாண்டார்கள். ஈழத்தமிழ் மக்கள் பட்ட துயரம் தனி. கையெழுத்துக்கு முன் கேட்பது, அனுப்புமுன் கேட்பது என்ற நெறி நம் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தம் முடிந்து, பணம் போய், ஆண்டுகள் பல கழிந்த பின் தணிக்கை வரும். அதற்குள் அமைச்சர் மாறியிருப்பார், தளபதி ஓய்வு பெற்றிருப்பார்.

ஜெர்மனியின் முறையை அப்படியே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. நம்மிடம் இருப்பதையே பயன்படுத்தினால் பாதி வேலை முடியும். நிலைக்குழு இப்போது ஆண்டுதோறும் மாற்றியமைக்கப்படுகிறது. ஓர் உறுப்பினர் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் நீர்மூழ்கிக் குண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்வதற்குள் செப்டம்பர் வந்துவிடும். கந்தூரியும் 2018 செப்டம்பருக்குப் பின் தலைவராக இல்லை. மக்களவையின் முழு ஐந்தாண்டுக்கும் ஒரே குழு இருக்கட்டும். குழுவுக்கென்று ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் கணக்கர்களும் அடங்கிய நிலையான ஆய்வுப் பிரிவு வேண்டும். இன்றைக்கு அமைச்சகம் அனுப்பும் தாளைத்தான் குழு படிக்கிறது. நிதியாண்டு முடிந்ததும் காலாவதியாகாத நவீனமய நிதியம் ஒன்று வேண்டும் என்று இந்தக் குழு பல முறை கேட்டிருக்கிறது. 2004 இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங் 25,000 கோடியில் அதை அறிவித்தார், நிறைவேறவில்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021-இல் மீண்டும் பரிந்துரைத்தது. பீரங்கி வாங்க எட்டாண்டு ஆகும், பணம் மார்ச் 31-ஆம் தேதி செத்துவிடும் என்றால் எந்த அதிகாரி துணிந்து திட்டமிடுவார்?

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பு மானியக் கோரிக்கை கில்லட்டினில் போகக்கூடாது. ஆண்டுக்கு இரண்டு நாள் விவாதம் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள். இந்தத் துறை நமக்கு வெளியூர்ச் சங்கதி அன்று. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, குன்னூர் அருகே அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974-இல். மேம்படுத்திய 118 டாங்கிகளுக்கு ஆவடிக்கு ஆர்டர் வந்தது 2021-இல். இடைப்பட்ட காலத்தில் படை என்ன கேட்டது, ஆய்வகம் என்ன கொடுத்தது, எடை ஏன் கூடியது, உதிரிபாகம் ஏன் வரவில்லை என்பதெல்லாம் ஆவடிக்காரர்களுக்குத் தெரிந்த அளவு டெல்லிக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் நாடு முழுவதும் உள்ள 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். அதற்கு முன்பே ஆகஸ்டில், இந்தத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் மசோதா மக்களவையில் அமளிக்கிடையே விவாதமின்றி நிறைவேறியது. இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஓர் அமைப்பைக் கலைக்கிறோம், எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரின் பணி நிலையை மாற்றுகிறோம், படைக்கு வெடிபொருள் வரும் வழியை மாற்றுகிறோம். இதனால் உற்பத்தி கூடுமா குறையுமா என்று ஒரு பிற்பகல்கூடப் பேசவில்லை.

வெட்டுத் தீர்மானம் என்று ஒரு கருவி நம் உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. ஒரு மானியக் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்கவேண்டும் என்று தீர்மானம் கொடுக்கலாம். நூறு ரூபாயால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த நூறு ரூபாய்க்குக் காரணமாக ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்லவேண்டும். விவாதம் நடந்தால் அமைச்சர் அதற்கு அவையில் பதில் சொல்லவேண்டும். உயர்மலைக் கண்ணாடிக்கு ஒன்று, அருவங்காட்டு வெடிமருந்துக்கு ஒன்று, ஆவடி டாங்கிகளுக்கு ஒன்று என்று கட்சி பார்க்காமல் நம் உறுப்பினர்கள் கொடுக்கலாம். நிலைக்குழு அறிக்கையின் பத்தி எண்ணைக் குறிப்பிட்டே கொடுக்கலாம். வரவுசெலவுக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜனவரி இறுதியில் தொடங்குகிறது. நிலைக்குழு அறிக்கை மார்ச் நடுவில் வரும். அதைப் படிக்கவும் தீர்மானம் எழுதவும் மாணவர்கள் உதவலாம். அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், போன ஆண்டுப் பாதுகாப்பு மானியத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள்.